பச்சை மத்தியா, டின் மத்தியா, மாத்திரையா? உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும்?

இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "வாரம் ரெண்டு தடவை மீன் சாப்பிடுங்க, ஒமேகா-3 வேணும்" என்று, மீனில் இருக்கும் அந்த நல்ல கொழுப்புக்காக மருத்துவர் சொன்னால், பெரும்பாலான வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது வஞ்சிரம்தான். கொஞ்சம் வசதி இருந்தால் சால்மன். மீன் கழுவ நேரமில்லாதவர்கள் மருந்துக்கடையில் மீன் எண்ணெய் மாத்திரை டப்பா ஒன்றை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். இந்த மூன்றையும்விட மத்தி நல்ல தேர்வு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் மத்தியை எந்த வடிவத்தில் வாங்குவது என்ற கேள்விக்கு எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. குளச்சலிலோ ராமேஸ்வரத்திலோ இருப்பவர் பச்சை மத்தி வாங்குவதுதான் சரி. ஓசூரிலோ சேலத்திலோ இருப்பவருக்குப் பல வாரங்களில் டின் மத்தியே மேல். காரணம், இந்த மீன் கெட்டுப்போகும் வேகம்.

முதலில் எந்த மீனைச் சொல்கிறேன் என்று தெளிவுபடுத்திவிடுகிறேன். கேரளத்திலும் நம் ஊர் மீன் கடைகள் பலவற்றிலும் மத்தி, குமரி மாவட்டத்தில் சாளை, ராமநாதபுரம் பக்கம் பேச்சாளை. அறிவியல் பெயர் சார்டினெல்லா லாஞ்சிசெப்ஸ். சென்னையில் கவலை என்றும் பாக் நீரிணைக் கரையில் சூடை என்றும் விற்கும் மீன்கள் இதே குடும்பம்தான், ஆனால் மத்தி அளவுக்குக் கொழுப்பு ஏறாதவை. குழம்புக்கு அருமையானவை, ஒமேகா-3க்காக வாங்குகிறீர்கள் என்றால் மத்தியைக் கேட்டு வாங்குங்கள். 1980களின் பிற்பகுதி வரை மத்தி பெரும்பாலும் மேற்குக் கரை மீனாகவே இருந்தது. அதற்கப்புறம்தான் தமிழ்நாட்டின் கிழக்குக் கரையிலும் பெருமளவில் பிடிபடத் தொடங்கியது. அதனால்தான் தஞ்சாவூர், கடலூர்ப் பக்கத்துப் பழைய சமையலில் மத்திக்கு அவ்வளவாக இடம் இல்லை. குமரி மாவட்டத்துச் சமையலிலோ மத்தி இல்லாத வாரமே இல்லை.

வஞ்சிரத்தை விட்டுவிட்டு ஏன் மத்தி? விலை ஒரு காரணம். சீசனில் ஒரு கிலோ வஞ்சிரத்தின் விலைக்கு நான்கைந்து கிலோ மத்தி வாங்கிவிடலாம். பெரிய காரணம் பாதரசம். மத்தி மிதவை உயிரிகளைத் தின்று, இரண்டு இரண்டரை ஆண்டுகளில் வாழ்ந்து முடித்துவிடும் மீன். உடலில் பாதரசம் சேர அதற்கு நேரமும் இல்லை, வழியும் இல்லை. மற்ற மீன்களைத் தின்று பல ஆண்டுகள் வாழும் பெரிய மீன்களில், தின்ற மீன்களின் பாதரசம் எல்லாம் சேர்ந்துகொண்டே போகும். அமெரிக்க உணவு மருந்துத் துறையின் அட்டவணையில் சார்டினுக்கு (மத்தி வகை மீன்களுக்கு ஆங்கிலத்தில் இதுதான் பெயர்) சராசரி பாதரசம் பத்து லட்சத்தில் 0.013 பங்கு, கிங் மேக்கரலுக்கு 0.73. ஐம்பது மடங்குக்கும் மேல். நம் வஞ்சிரம் அதே மீன் இல்லை, ஆனால் அதே பேரினத்தைச் சேர்ந்த, அதே மாதிரி வேட்டையாடி வாழும் பெரிய மீன். எப்போதாவது ஒரு துண்டு வறுத்துச் சாப்பிடுவதில் பயம் வேண்டாம். கர்ப்பிணிக்கும் சிறு குழந்தைக்கும் வாரம் தவறாமல் கொடுக்கும் மீனாக அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. சால்மனில் பாதரசம் குறைவு, ஒமேகா-3 நிறைய. குறை சொல்ல முடியாத மீன். ஆனால் இங்கே கிடைப்பது பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்து, விமானம் ஏறி வருவது. அந்தப் பண்ணைத் தீவனத்தில் சேர்க்கும் மீன் எண்ணெயே மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களிலிருந்து எடுப்பதுதான். சிறு மீனை நேராகவே சாப்பிடும் வசதி உள்ள நாம் அத்தனை விலை கொடுத்துச் சுற்றிப் போக வேண்டியதில்லை.

சரி, பச்சை மத்திக்கு வருவோம். மத்தியின் கொழுப்பு ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. தென்மேற்குப் பருவமழையை ஒட்டி முட்டையிடும் காலத்தில் மெலிந்திருக்கும். அப்புறம் மழை கலக்கிவிட்ட கடலில் மிதவை உயிரிகள் பெருக, அதைத் தின்று கொழுக்கும். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை பிடிபடும் மத்தியை வெட்டினால் வயிற்றுப் பக்கம் வெள்ளையாக நெய் படிந்திருப்பதைப் பார்க்கலாம். சட்டியில் போட்டால் குழம்பின் மேல் தானாக எண்ணெய் மிதக்கும். ஜூன், ஜூலையில் அதே மத்தி வறண்டு, முள் மட்டும் தெரிகிற மாதிரி இருக்கும். ஒமேகா-3 அந்தக் கொழுப்பில்தான் இருக்கிறது. ஆக, "நூறு கிராம் மத்தியில் இவ்வளவு" என்று எங்காவது ஒரே எண்ணைப் படித்தால் அதை ஆண்டு முழுவதற்கும் நம்பாதீர்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது: நெய் ஏறிய நான்கு மாதமும் பச்சை மத்தியைத் தாராளமாக வாங்குங்கள். மெலிந்த மாதங்களில் அயிலைக்கு, அதாவது கானாங்கெளுத்திக்கு, மாறிக்கொள்ளலாம்.

இனி அந்தக் கெட்டுப்போகும் விஷயம். மத்தி, அயிலை, சூரை மாதிரி மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால், பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அந்த மீனைச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பு அரிக்கும், தலை வலிக்கும், வாயைச் சுற்றி எரியும். "எனக்கு மத்தி ஒத்துக்கொள்ளாது" என்று சொல்பவர்களில் சிலருக்கு உண்மையில் நடந்தது இதுவாக இருக்கலாம். ஒத்துக்கொள்ளாமல் போனது மத்தி இல்லை, ஐஸ் வைக்காத மத்தி. முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, ஹிஸ்டமின் ஒருமுறை உருவாகிவிட்டால் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அழியாது. மிளகாயும் புளியும் வாடையை மறைக்கும், ஹிஸ்டமினை ஒன்றும் செய்யாது.

இதற்கு ஒரே தடுப்பு ஐஸ். மீன் எடைக்குச் சரியாக ஐஸ் என்பது மீன் துறையில் எல்லோரும் சொல்லும் கணக்கு. துறைமுகத்தில் அப்படி வைத்தாலும், உள்நாட்டுச் சந்தைக்கு வந்து, மொத்த வியாபாரியிடமிருந்து சில்லறைக் கடைக்குப் போய், தெருவில் தட்டில் பரப்பும்போது அந்தக் கணக்கு நிற்பதில்லை. வஞ்சிரம் மாதிரிப் பெரிய மீன் இந்தப் பயணத்தை ஓரளவு தாங்கும். சிறிய உடல், மெல்லிய தோல், எண்ணெய்ச் சதை கொண்ட மத்தி தாங்காது. ஐஸிலேயே இருந்தாலும் மூன்று நாலு நாளைக்கு மேல் அதன் சுவை நிற்பதில்லை.

கடையில் எதைப் பார்ப்பது? மத்தியில் முதலில் போவது வயிறு. இரை நிறைந்த வயிற்றின் செரிமான நொதிகள் உள்ளிருந்தே சதையைக் கரைத்து வயிற்றுத் தோலைக் கிழித்துவிடும். வயிறு வெடித்த மீன் கூடையில் நிறையத் தெரிந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். செதில் உதிர்ந்திருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நல்ல மத்திக்கும் வலையிலேயே செதில் கொட்டும். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, விரலால் அழுத்தினால் குழி விழாமல் இருக்க வேண்டும். மீன் பளபளப்பாக இருந்தும் கடல் வாசனை கொஞ்சமும் இல்லாமல், ஈயும் அண்டாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். 2018இல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை 'ஆபரேஷன் சாகர் ராணி' என்ற சோதனையில், பிணம் கெடாமல் வைக்கப் பயன்படும் ஃபார்மலின் என்ற ரசாயனம் கலந்த மீனை டன் கணக்கில் பிடித்தது. அந்தச் சமயத்தில் பலர் பயன்படுத்தியது, கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய சோதனைப் பட்டையை. மீன் மேல் தேய்த்து, கரைசலை ஒரு சொட்டு விட்டால் நிறம் காட்டிக்கொடுக்கும்.

நல்ல பச்சை மத்தி கிடைத்தால் அதை ஆழமாக எண்ணெயில் பொரிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மீனின் எண்ணெய் வாணலிக்குள் இறங்கி, வாணலி எண்ணெய் மீனுக்குள் ஏறிவிடும். குழம்பு வைத்தால் வெளியே வரும் நெய் குழம்பிலேயே தங்கும். நாகர்கோவில் பக்கத்துச் சாளை அவியல் இதற்கென்றே பிறந்த பண்டம்: தேங்காய், பச்சை மிளகாய், மஞ்சள், கொஞ்சம் மாங்காய், எல்லாம் ஒன்றாகச் சட்டியில் போட்டு மூடி வேகவைப்பது. கூட அவித்த மரச்சீனிக் கிழங்கு இருந்துவிட்டால் வேறெதுவும் தேவையில்லை.

இனி டின். நம்மூரில் டின் மீனைப் பற்றி ஒரு இளக்காரம் இருக்கிறது. "செத்த மீன், கெமிக்கல் போட்டது" என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். உண்மையில் சார்டின் டின்னில் மீன், எண்ணெய் அல்லது தக்காளிச் சாறு, உப்பு, இவ்வளவுதான் பெரும்பாலும் இருக்கும். கெடாமல் காப்பது ரசாயனம் இல்லை, வெப்பம். அடைத்து மூடியபின் அழுத்தக் கலனில் 115 முதல் 121 டிகிரி வரை சூடாக்குவார்கள். அந்தச் சூட்டில் கிருமி மட்டும் சாகவில்லை, முள்ளும் மெத்தென்று ஆகிவிடுகிறது. பச்சை மத்தியில் நாம் துப்புகிற முள்ளை டின் மத்தியில் தின்றுவிடலாம். இதனால்தான் சுண்ணாம்புச் சத்தில் டின் முந்துகிறது: முள்ளோடு 100 கிராமில் சுமார் 380 மில்லிகிராம். பால் 100 மில்லியில் இருப்பது ஏறத்தாழ 120. அதே 100 கிராம் டின் மீனில் புரதம் 24 கிராமுக்கு மேல், ஒமேகா-3 ஏறக்குறைய ஒரு கிராம், வைட்டமின் பி12 ஒரு நாள் தேவையைப்போல மூன்று மடங்குக்கு மேல். எலும்பு தேய்கிற வயதில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு, முள் எடுக்கக் கண் தெரியாத நிலையில், இதைவிட எளிதான உணவை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

டின் ஆலைகள் பெரும்பாலும் துறைமுகத்தை ஒட்டியே இருப்பது இன்னொரு நன்மை. உலகத்திலேயே அதிகமாக டின் சார்டின் ஏற்றுமதி செய்வது மொராக்கோ; சாஃபி, அகாதிர் மாதிரித் துறைமுகங்களில் இறங்கிய மீன் நீண்ட பயணம் போகாமல் டின்னுக்குள் போகிறது. ஹிஸ்டமின் டின் சூட்டிலும் அழியாது என்பதால், மீன் ஆலைக்கு வரும்போது எப்படி இருந்தது என்பதுதான் முக்கியம். மூன்று நாள் பயணப்பட்டு சேலத்துக்கு வந்த பச்சை மத்தியையும், பிடித்த கையோடு அகாதிரில் டின்னில் அடைத்த சார்டினையும் பக்கத்தில் வைத்தால், நான் தயங்காமல் டின்னை எடுப்பேன்.

எந்த டின்? சார்டின் என்ற பெயரில் இருபதுக்கும் மேற்பட்ட இன மீன்களை அடைக்க உலக உணவுத் தர விதி இடம் கொடுக்கிறது. அதனால் டின்னின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் அறிவியல் பெயரைப் பாருங்கள். சார்டினா பில்சார்டஸ் என்றிருந்தால் மொராக்கோ, போர்ச்சுகல், ஸ்பெயின் பக்கத்து மீன். சதை மென்மை, சுவை அடக்கம். பிரிட்டன் கரையில் பிடித்துப் பில்சார்ட் என்று சொல்லிவந்ததும் இதே மீன்தான், கொஞ்சம் பெரிதாக வளர்ந்தது. சார்டினாப்ஸ் சாகாக்ஸ் என்றிருந்தால் தென்னாப்பிரிக்கா, நமீபியா, பெரு பக்கத்துப் பெரிய மீன். தென்னாப்பிரிக்காவின் லக்கி ஸ்டார் டின்னில் பில்சார்ட் என்று வருவது இதுதான், பெரும்பாலும் தக்காளிச் சாற்றில். டர்பனில் உள்ள நம் வம்சாவளியினர் இதை வைத்துச் செய்யும் டின் மீன் கறி அந்த ஊரின் அடையாளங்களில் ஒன்று. குழம்புக்கு எனக்கும் இந்தப் பெரிய மீன்தான் பிடிக்கும். கரண்டி பட்டால் உதிராது. பிரெட்டோடும் சுடுசோறோடும் அப்படியே சாப்பிட மொராக்கோ சார்டின். இலங்கையில் டின் மீன் என்று வாங்குவது பெரும்பாலும் மேக்கரல் வகை, அது வேறு கணக்கு. மலேசியத் தமிழ் வீடுகளில் தக்காளிச் சாற்று சார்டினைச் சம்பலாகப் புரட்டுவது போல நாமும் செய்யலாம்.

எண்ணெயில் போட்டதா, உப்பு நீரில் போட்டதா என்பதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. மீனின் கொழுப்பு கொஞ்சம் சுற்றியுள்ள எண்ணெயில் கலந்துவிடும். ஆலிவ் எண்ணெயானால் அதையும் சேர்த்தே பயன்படுத்தலாம், சோயா எண்ணெயானால் வடித்துவிடத் தோன்றும், வடித்தால் மீன் எண்ணெயும் கொஞ்சம் போகும். அதனால் ஆலிவ் எண்ணெய் டின்னோ தக்காளிச் சாற்று டின்னோதான் என் விருப்பம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைப் பார்த்து வாங்க வேண்டும். டின்னில் இருப்பதே போதும், குழம்பில் தனியாக உப்புப் போட வேண்டாம். குழம்பு முழுதாகக் கொதித்து எண்ணெய் பிரிந்த பின் கடைசி மூன்று நான்கு நிமிடத்துக்குத்தான் டின் மீனைச் சேர்க்க வேண்டும். அது ஏற்கெனவே வெந்த மீன்.

டின்னின் குறை விலைதான். 125 கிராம் டின்னைத் திறந்து எண்ணெயை வடித்தால் 90 கிராம் போலத்தான் மீன் தேறும். அந்த ஒரு இறக்குமதி டின்னின் விலைக்குச் சீசனில் கடற்கரையில் ஒரு கிலோ மத்தி வாங்கிவிடலாம். தலையும் குடலும் போனாலும் அரைக் கிலோவுக்கு மேல் நிற்கும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு வாரம் இரண்டு வேளை டின் என்பது எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை. முடியாதவர்கள் ஒரு வேளைக்கு மட்டும் டின் வைத்துக்கொண்டு, இன்னொரு வேளைக்கு நம்பிக்கையான கடையில் கிடைக்கும் அயிலையையோ நெத்திலியையோ வாங்கலாம்.

உறைந்த மத்தியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கேரளத்தில் மத்தி குறைந்த ஆண்டுகளில் ஓமானிலிருந்து பெட்டி பெட்டியாக வந்தது. இனம் அதே இனம்தான். எண்ணெய் மீன் உறைந்த நிலையிலும் மெல்ல மெல்லக் காறல் அடிக்கும், வீட்டு ஃப்ரீசரில் ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். உறைந்ததை உருக்கிப் பச்சை மீன் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள், ஆகவே கடைக்காரரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள். கருவாடு ருசிக்காக மட்டும். மத்தி காயும்போதே அதன் எண்ணெய் காற்றுப்பட்டுக் கெடுவதால் நல்ல மத்திக் கருவாடு அரிது. கொழுப்புக் குறைந்த நெத்திலிதான் ஒழுங்காகக் காயும். எதுவானாலும் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உப்பு இருப்பது சாதாரணம் என்பதால், இதயத்துக்காக மீன் சாப்பிடுபவர் கருவாட்டை நம்பி இருக்க முடியாது.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். "1000 மில்லிகிராம் மீன் எண்ணெய்" என்று பெரிதாக எழுதியிருக்கும் சாதாரண மாத்திரையில் நமக்கு வேண்டிய ஒமேகா-3 வகைகளான ஈபிஏ 180, டிஹெச்ஏ 120, மொத்தம் 300 மில்லிகிராம்தான் இருக்கும். 100 கிராம் டின் சார்டினுக்கு ஈடாக மூன்று மாத்திரைக்கு மேல் விழுங்க வேண்டும். புரதமும் சுண்ணாம்பும் பி12உம் அதில் கிடையாது. அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து நடந்து 2018இல் வெளியான வைட்டல் ஆய்வில், தினம் ஒரு கிராம் ஒமேகா-3 மாத்திரை எடுத்தவர்களுக்குப் பெரிய இதய நோய் நிகழ்வுகள் குறிப்பிடும்படியாகக் குறையவில்லை. இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பைக் குறைக்க மருத்துவர் அதிக அளவில் எழுதிக்கொடுத்திருந்தால் அது மருந்து, நிறுத்தாதீர்கள். மற்றபடி மீன் சாப்பிடுகிற வீட்டில் அந்தக் காசுக்கு மீனே வாங்கலாம்.

குழந்தைகள் உள்ள வீட்டில் பச்சை மத்தி கஷ்டம், பூ முள் அதிகம். அயிலைக்கு நடுமுள்ளை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சதைதான், அதிலிருந்து பழக்கலாம். டின் மத்தியை முள்ளோடு மசித்து, உருளைக்கிழங்கு சேர்த்துக் கட்லெட் தட்டினால் குழந்தைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். யூரிக் அமிலம் ஏறி மூட்டு வீங்கும் தொல்லை உள்ளவர்களுக்கு மட்டும் மத்தியோ நெத்திலியோ எந்த வடிவத்திலும் உகந்ததல்ல. உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் இவற்றில் மிக அதிகம். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது.

இன்னொன்றையும் வாங்குபவர் மனதில் வைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 2012இல் கேரளக் கரையில் மட்டும் மத்தி 4 லட்சம் டன்னை ஒட்டி இறங்கியது. 2021இல் வெறும் 3,297 டன். கடல் சூடாவதும், முட்டையிடும் முன்பே குஞ்சுகளை வாரியதும் சேர்ந்து அடித்த அடி அது. அதற்கப்புறம் மத்தி திரும்பி வந்தது, 2023இல் லட்சம் டன்னுக்கு மேல் இறங்கியது. இப்படி ஏறி இறங்கும் மீனைக் குஞ்சிலேயே பிடித்துத் தீவன ஆலைக்கு அரைக்க அனுப்புவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கேரள அரசு 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கத் தடை போட்டிருக்கிறது. மத்தி முட்டையிடத் தயாராவதே 15 சென்டிமீட்டர் வாக்கில்தான். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை கையை விரித்துப் பிடியுங்கள். அதில் பாதிகூட இல்லாத மீனைக் கூறு கட்டி மலிவாக வைத்திருந்தால் வாங்க வேண்டாம். கொழுப்பு ஏறாத குஞ்சில் நீங்கள் தேடி வந்த ஒமேகா-3உம் அதிகம் இருக்காது. அன்றைக்கு அயிலையோ நெத்திலியோ வாங்கிக்கொள்ளுங்கள், அதுவும் சரியில்லை என்றால் வீட்டில் இருக்கும் டின்னைத் திறந்துகொள்ளலாம்.